உட்கார்ந்து எடுத்த அளவு

எங்கள் வீட்டுக் கொல்லைக் கொடியில் அன்று காலை கால்கள் தொங்கின.

நாவல்பழ நிறக் கால்கள். பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஓடிய கால்கள். இடுப்பு கீழே, பாதம் மேலே என்று தலைகீழாகத் தொங்கியவற்றுக்குள் காற்று புகுந்ததும் ஒவ்வொன்றும் உப்பி, முழங்கால் மடக்கி, வானத்தில் நடக்கப் பார்த்தது. உப்புத் தண்ணீரின் வாசமும் புதுத்துணிக் கஞ்சியின் வாசமும் கலந்து கிணற்றடி வரைக்கும் வந்தன.

கொல்லைக் கதவைத் திறந்த அம்மா, கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆம்பளைக வரிசையா வந்து கவுந்து நிக்கிற மாதிரி இருக்கு. யாருத்தா இதையெல்லாம் இங்க காயப்போட்டது?"

யார் போட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். என் அண்ணன் காசிமின் மனைவி ஜமீலா மதினி, அடுப்படி நிலைக்கு அந்தப்பக்கம் நின்று விரலில் குத்திய ஊசியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். விரலைச் சப்பினாள் என்று எழுத வேண்டும். இருக்கட்டும், அன்றைக்கு அவள் இருந்த இருப்பில் ஊசியையே சப்பியிருந்தாலும் தெரிந்திருக்காது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எழுபதுகள் அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தன. காரைக்குடிக் கடைத்தெருவில் 'பெல்பாட்டம்' என்ற சொல்லைப் பையன்கள் மென்று பழகிக்கொண்டிருந்த நேரம்.

கைலி வீடு

எங்கள் வீட்டில் அதுவரை பேண்ட் நுழைந்ததில்லை.

அத்தா மலேயாவில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்து வாசலில் இறங்கும்போதும் கைலியோடுதான் இறங்குவார். அண்ணன், பெரிய கடைத்தெருவில் ஒரு கைலிக் கடையில் விற்பனைக்கு இருந்தான். அவன் உடுத்துவது கைலி, விற்பது கைலி, தலைக்கு மடித்து வைத்துப் படுப்பதும் கைலி.

மதினியும் கைலியோடுதான் கட்டுண்டு கிடந்தாள். தறியிலிருந்து வரும் கைலிக்கு இரண்டு தலைப்பு இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டால்தான் அது வளையமாகி இடுப்பில் ஏறும். அதற்கு மூட்டுவது என்று பெயர். அண்ணன் கடையிலிருந்து கட்டாக வரும். மதினி மூட்டிக் கொடுப்பாள். சாக்கோட்டையிலிருந்து அவள் கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்த தையல் மிஷின், பின்கட்டின் ஜன்னலோரம் நின்றுகொண்டு நாள் முழுதும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நேர்த்தையல், நேர்த்தையல், நேர்த்தையல்.

வீட்டின் கடைசிப் பெண்ணான நான் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம்தான் எனக்குப் பாராயணத் தாளம். இன்றைக்கும் என் வாக்கியங்கள் நீளமாக ஓடிப் போய்ச் சட்டென்று நூலறுந்து நிற்பதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஜமீலா மதினியிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

சீர்செனத்தியிலிருந்து ஒன்று

அந்த மிஷினுக்குத்தான் ஆபத்து வந்தது.

அமராவதிபுதூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, தன் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்க மிஷின் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு மூட்டுத் தையலுக்கு இவ்வளவு பெரிய இரும்பு எதற்கு, கைத்தையலே போதாதா என்றாள். கெட்ட எண்ணமில்லை. அம்மாவின் கணக்கில் பொருள் என்பது பயன்படும் இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மிக்கல்லைக்கூட அப்படி நகர்த்தியிருக்கிறாள்.

மதினி துடைத்த மிஷினையே மறுபடி துடைத்தாள்.

அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை ஆட்டினான். எந்தப்பக்கம் ஆட்டினான் என்பது கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நம் பேச்சில் சில சொற்கள் தனியாக நிற்கவே நிற்காது. துணிமணி என்போம். 'ஒரு துணிமணி' என்று எவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நகைநட்டும் அப்படி, சீர்செனத்தியும் அப்படி. குவியலாகவே பிறந்து குவியலாகவே வாழ்கிற சொற்கள். அந்தக் குவியலிலிருந்து ஒன்றை மட்டும் உருவினால் என்னவாகும் என்று சொற்களுக்குத் தெரியாது. மதினியின் முகத்துக்குத் தெரிந்திருந்தது.

பேண்டு செட்டின் பேண்ட்

அந்தச் சமயத்தில்தான் தங்கராசு மாஸ்டர் வந்தார்.

நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் மேளத்தோடு பேண்டு செட்டும் வாசிக்கிற காலம் அது. மாஸ்டர் அப்படி ஒரு செட்டை நடத்திக்கொண்டிருந்தார். கிளாரினெட் அவருடையது. ஆள் ஒல்லி, மீசை கனம். அண்ணன் கடைக்கு அவர் நிரந்தர வாடிக்கை. ஏனென்று தெரியாது, பேண்டு செட்டுக்காரர்கள் எல்லோரும் அடிக்கடி கைலி வாங்குவார்கள்.

நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வருகிறது, பழைய உடுப்பில் சட்டை தாங்கும், பேண்ட்டெல்லாம் நைந்துவிட்டன, டெய்லர்கள் யாரும் முகூர்த்த மாசத்தில் துணியைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று கடையில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். அண்ணன் அதை ராத்திரிச் சாப்பாட்டில் சும்மா ஒரு செய்தியாகச் சொன்னான்.

மதினி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் தச்சுத் தாரேன்னு சொல்லுங்க."

அண்ணனுக்குப் புரையேறியது. பேண்ட் தைத்திருக்கிறாயா என்று கேட்டான். கைலிக்கு ஒரு மூட்டு, பேண்ட்டுக்கு ரெண்டு கால், ரெண்டு மூட்டு, அவ்வளவுதானே என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தேன்.

தைத்துக் கொடுத்தால் மிஷின் இங்கே இருக்கும். தைக்கத் தெரியாமல் துணியைக் கெடுத்தால் அமராவதிபுதூருக்கு வண்டியேறும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றைய குழம்பில் அது கரைந்திருந்தது.

வாலறுந்த சொல்

கல்லூரியில் எங்களுக்கு இங்கிலீஷ் நடத்திய டீச்சர் அந்த வாரம்தான் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருந்தார். ட்ரவுசர்ஸ், பேண்ட்ஸ், ஷார்ட்ஸ், பைஜாமாஸ். காலில் மாட்டுகிற இவற்றுக்கெல்லாம் இங்கிலீஷில் ஒருமையே கிடையாது. ஒரே ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினாலும் 'இவை' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'ஒரு சோடி' என்று எண்ணலாம்.

மதினியிடம் சொன்னேன். அவள் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பழைய துணியில் கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணக் கையில வச்சுக்கிட்டு எதுக்கு ரெண்டுன்னு சொல்றாக? வெள்ளைக்காரவுகளுக்கு எண்ணத் தெரியாதா?"

நம் ஊருக்கு வந்தபோது அந்தச் சொற்கள் வாலை அறுத்துக்கொண்டு வந்துவிட்டன என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. டவுசர் என்கிறோம். பேண்ட் என்கிறோம். எங்கள் தெருவில் ஒரு டவுசர், ரெண்டு டவுசர் என்று தாராளமாக எண்ணுவார்கள்.

நம்முடைய உடுப்பெல்லாம் ஒற்றை. சேலை ஒன்று, வேட்டி ஒன்று, தாவணி ஒன்று, துண்டு ஒன்று. தறியிலிருந்து இறங்கிய துணி கத்தரியையே பார்க்காமல் மேலே ஏறிவிடும். உடம்புதான் துணிக்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். சுற்று, கொசுவு, செருகு, அவ்வளவுதான். இரண்டு காலுக்கும் பொதுவாக ஒரே வீடு. தனிக்குடித்தனம் என்ற பேச்சே இல்லை.

மறுநாள் பிற்பகல் கல்லூரி விட்டு வந்தபோது மதினி மிஷின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் பழைய துணியில் தைத்துப் பார்த்த இரண்டு நீளக் குழாய்கள். இரண்டையும் கைலி மாதிரியே இடுப்புவரை மூட்டி முடித்திருந்தாள். ஒன்றில் வலது கையையும் இன்னொன்றில் இடது கையையும் விட்டு என்னிடம் நீட்டினாள்.

"இப்ப இந்த ரெண்டையும் எங்குட்டுப் புள்ள சேக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், அழுகைக்குப் பக்கத்திலிருந்து. ஆனால் அந்தக் குழாய்களைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஏதோ திறந்தது. ஆதியில் எங்கோ ஒரு குளிர்தேசத்தில் யாரோ ஒருத்தி இப்படித்தான் காலுக்கொன்றாக இரண்டு உறை தைத்துவிட்டு, சேர்க்கத் தெரியாமல் விழித்திருப்பாள். அப்புறம் சேர்த்துவிட்டார்கள். சொல் மட்டும் சேர மறுத்துவிட்டது. இது என் கற்பனைதான். யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம்.

மாஸ்டர் மாதிரிக்கென்று கொடுத்திருந்த, செட்டில் யாருடையதோ ஒரு பழைய பேண்ட்டை மதினி தையல் தையலாகப் பிரித்தாள். ஒரு காலை இன்னொரு காலுக்குள் நுழைத்துப் பிட்டத்துத் தையலைப் போட வேண்டும் என்று அதிலிருந்து புரிந்துகொண்டாள். பிரிக்கும்போது ஒன்று கவனித்தாள். அந்த இடத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. கிழிந்து, தைத்து, மறுபடி கிழிந்து, மறுபடி தைத்திருந்தது.

"இவுக எங்குட்டுப் போயி உக்காந்து இப்படிக் கிழிச்சாக?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் நெற்குப்பையில் காத்திருந்தது. அப்போது எங்களுக்குத் தெரியாது.

நூலில் வந்த ஆட்கள்

அளவு எடுப்பதுதான் சிக்கல். அந்நிய ஆண்களை மதினி அளக்க முடியாது. வீட்டில் இஞ்சு டேப்பும் கிடையாது.

கைலிக் கரைக்குப் போடுகிற சாய நூலை ஆளுக்கொரு நிறமாக அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். ஒரு நுனியில் தொடங்கி இடுப்புச் சுற்று எவ்வளவோ அங்கே ஒரு முடிச்சு, அப்புறம் பிட்டச் சுற்று, அப்புறம் இடுப்பிலிருந்து பாதம் வரை. அண்ணன் கடைக்கு வந்த பேண்டு செட்டு ஆட்களை அளந்து, நூல்களைச் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். மஞ்சள் நூல் கிளாரினெட். பச்சை நூல் டிரம்பெட். சிவப்பு நூல் பெரிய டிரம். அந்த நூல் மட்டும் நீண்டுகொண்டே போனது.

மதினி நூல்களைத் தரையில் பரப்பி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள். பேண்டு செட்டு ஆம்பளைக எல்லாம் நல்ல வாட்டசாட்டம் போல என்றாள். அண்ணன், மாஸ்டரெல்லாம் ஓணானாட்டம் இருப்பாரே என்று யோசித்தான். பிறகு பசி வந்து யோசனை போய்விட்டது.

வெட்டினாள், மூட்டினாள், நுழைத்தாள், தைத்தாள். மிஷின் முதல் தடவையாக வேறு வார்த்தைகள் பேசியது. வளைவில் முனகியது, பட்டைமேல் ஏறும்போது தடுக்கியது. தைத்து முடித்ததும், புதுக் கைலிக்குச் செய்கிற மரியாதையாக, சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள்.

அம்மா செம்போடு நின்றது அந்தக் காலையில்தான்.

இரண்டு குடும்பம் குடியிருக்கலாம்

அன்று சாயங்காலமே மாஸ்டர் உடுப்பை வாங்க வந்தார். மறுநாள் கல்யாணம்.

முன்கட்டு அறையில் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நானும் மதினியும் திரைக்கு இந்தப்பக்கம் இருந்தோம். மாஸ்டரின் பிட்டத்துக்குக் கீழே துணி தூளி மாதிரித் தொங்கியது. இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தார். பாதங்களைக் காணோம். நாவல்பழ நிறத் துணி தரையில் குட்டை கட்டிக் கிடந்தது.

"பாய், இதுக்குள்ள ரெண்டு குடும்பம் குடியிருக்கலாம் போலிருக்கே" என்றார். கோபத்தை விடப் பயம்தான் குரலில் தெரிந்தது. விடிந்தால் ஊர்வலம்.

மதினியால் பொறுக்க முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே அண்ணனிடம் கேட்டாள்.

"அவுகள நிக்க வச்சுத்தான அளந்தீக?"

அண்ணனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"கடைக்கு வந்தவுகள நிக்க வச்சா பேசுவாக? பாய விரிச்சு, உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்துத்தான் அளந்தேன்."

உட்கார வைத்து. சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆட்களின் இடுப்பை, விரிந்த பிட்டத்தை, மடங்கிய முழங்காலைச் சுற்றி நூலை ஓட்டி முடிச்சுப் போட்டிருக்கிறான். அவன் மேல் என்ன தப்பு? கைலிக் கடையில் விற்கிறவனும் பாயில்தான், வாங்குகிறவனும் பாயில்தான். வந்த மனிதரை நிற்க வைப்பது எங்கள் தெருவில் விரட்டுவதற்குச் சமம். எந்த டெய்லரும் செய்யாத பிழையை ஒரு மரியாதைக்காரன் செய்துவிட்டான்.

வெளிச்சம் போவதற்குள் மதினியால் எல்லாப் பேண்ட்டுக்கும் கால் நீளத்தை மட்டும் மடித்துத் தைக்க முடிந்தது. இடுப்புக்கு மாஸ்டர் பெல்ட்டை நம்பினார். பிட்டத்துக்கு அல்லாவை நம்பினோம்.

அவர் போனபின் அம்மா மெதுவாகத்தான் சொன்னாள். கல்யாணம் முடியட்டும், மிஷினை வண்டியில் ஏற்றிவிடலாம். மதினி தலையாட்டிவிட்டு, மிஷினடியில் சிதறிக் கிடந்த மஞ்சள் நூலையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். ஒரு துண்டு விடாமல்.

நெற்குப்பை

அண்ணன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் நெற்குப்பைக்குப் பஸ் ஏறினான். என்ன நடந்தாலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியதாம். அவன் வந்து சொன்னதுதான் இனி.

ஊர்வலத்தில் மானம் போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. டிரம்மை விட அது சத்தமாக இருந்தது என்பான் அண்ணன், அதில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம். பிள்ளைகள் 'பாவாடை மாமா' என்று பின்னாலேயே ஓடின. மாஸ்டர் கிளாரினெட்டை விட்டு வாயை எடுக்கவே இல்லை. எடுத்தால் பதில் சொல்ல வேண்டுமே.

வெயிலேறித் தாலி கட்டி முடிந்ததும் வளவில், முற்றத்தைச் சுற்றிப் பந்தி போட்டார்கள்.

பேண்டு செட்டு ஆட்கள் ஏன் கைலியாக வாங்கினார்கள் என்பது அங்கேதான் அண்ணனுக்கு விளங்கியது. டெய்லர் தைத்த பேண்ட்டில் சம்மணம் போட முடியாது. போட்டால் கிழியும், முன்பு பல தடவை கிழிந்தும் இருக்கிறது. அதனால் எந்தக் கல்யாணத்திலும் டிரம் பெட்டிக்குள் கைலியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். வாசித்து முடித்து, கொல்லைப்பக்கம் மறைவு தேடி, பேண்ட்டைக் கழற்றிக் கைலி மாற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் பந்தி எழுந்துவிடும், இரண்டாம் பந்தியும் பாதி முடிந்திருக்கும். அவர்கள் இலைக்கு வரும்போது வடை தீர்ந்திருக்கும், பாயசத்தில் முந்திரி இருக்காது.

அன்று டிரம்பெட்காரர் களைத்துப்போய் ஒரு தூணடியில் சாய்ந்தவர், தன்னை மறந்து சரிந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்து, கிழிந்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டியிருக்கிறார். சத்தம் வரவில்லை. சம்மணம் போட்டுப் பார்த்தார். குத்தவைத்துப் பார்த்தார். தொங்கிய துணியெல்லாம் அதனதன் இடத்தில் போய் நிறைந்துகொண்டது. மற்றவர்களை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

பெரிய டிரம்காரர்தான் கடைசியாக உட்கார்ந்தாராம். அவருக்கும் கிழியவில்லை.

அந்த வீட்டு ஆச்சி ஒருவர் அவ்வழியே போனவர், இன்னும் இங்கேயே ஏன் உட்கார்ந்திருக்கீக, இலை போட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போக, அப்படியே உடுப்போடு, பட்டையோடு, பித்தளைப் பொத்தானோடு முதல் பந்தியில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாவல்பழ நிறத்தில் ஒரு வரிசை. அண்ணன் எதிர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் தன் இலையில் வைத்த பணியாரத்தைக் கோட்டைவிட்டான்.

வாசலில் ஒருவர்

பொழுது சாய்கிற நேரம். அம்மா வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். தங்கராசு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். இன்னும் அதே உடுப்பு. கையில் ஒரு ஓலைக்கொட்டான், மூடிய இலைக்கு அடியிலிருந்து மனகோலப் பலகாரத்தின் வெல்லப்பாகு வாசம்.

அம்மா திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

மாஸ்டர் கொட்டானை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இத்தனை வருஷம் கல்யாண வீட்டுல வாசிச்சிருக்கோம்மா. இன்னிக்குத்தான் மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டோம்."

அம்மாவுக்குப் பேண்ட் தெரியாது, பட்டை தெரியாது, பிட்டத்துத் தையல் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிட்டதும் சாப்பிடாததும் அவளுக்குத் தெரியும். அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் முக்கியமாக அவளுக்குப் பட்டதில்லை.

"வயிறு நெறஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

நிறைந்தது என்றார். பெரிய டிரம் மூன்றாம் முறை பாயசம் வாங்கியதையும் சொன்னார். இனி உடுப்பெல்லாம் இந்த வீட்டில்தான், இடுப்பை மட்டும் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லுங்கள், மற்றதில் கையே வைக்க வேண்டாம் என்று திரையைப் பார்த்துச் சொன்னார். திரைக்கு இந்தப்பக்கம் மதினி என் கையைப் பிடித்திருந்தாள். ஊசி குத்திய விரல்கள் சொரசொரவென்று இருந்தன. அவள் மூச்சில் திரை லேசாக உப்பி இறங்கியது, கொடியில் பார்த்த கால்களைப் போல.

அண்ணன் மட்டும், இனி யாரும் கைலி வாங்க வர மாட்டாக போலயே என்று முணுமுணுத்தான்.

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அமராவதிபுதூருக்கு ஆள் போனா உங்கக்காகிட்டச் சொல்லிவிடு. மிஷினுக்கு இங்க வேலை இருக்கு. பிள்ளைக பாவாடைக்குத் துணிய இங்குட்டு அனுப்பச் சொல்லு."

பிறகு, கொட்டானைக் கொடுத்துவிட்டு இன்னமும் படியிலேயே தயங்கி நின்ற மாஸ்டரிடம் திரும்பினாள்.

"நீங்க என்ன, நின்னுக்கிட்டே இருக்கீக? அதான் உக்கார்ற பேண்ட்டாச்சே. உள்ள வந்து உக்காருங்க."